மைசூர்பாகு சாப்பிட்ட மறுநாள் பட்டினி: எடை இறங்குகிறது, மனசு அடங்கவில்லை

தென்னூர்வாசி:

வணக்கம். வயது 41, உயரம் 158 செ.மீ. சித்திரையில் 74 கிலோ இருந்தேன், இப்போது 68. ஜிம், பவுடர், ஷேக் எதுவும் கிடையாது. மதியம் சாதத்தைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டினேன். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கிறேன். காலையில் உய்யக்கொண்டான் கரையில் நடக்கிறேன். அவ்வளவுதான்.

எடை ஒழுங்காகத்தான் இறங்குகிறது. என் தொல்லை வேறு. போன ஞாயிறு நாத்தனார் மகனுக்கு நிச்சயதார்த்தம். ஒரு மைசூர்பாகு, ஒரு வடை, ஒரு டம்ளர் பாயசம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் கை கழுவும்போதே தொடங்கிவிட்டது, ‘இத்தனை மாசம் பாடுபட்டதைக் கெடுத்துக்கிட்டியே’ என்று. மறுநாள் மெஷினில் ஏறினால் 1.4 கிலோ கூடுதல். அன்றைக்குக் காலை டிபன் இல்லை, மதியம் வெள்ளரிக்காயும் மோரும். சாயங்காலம் ஆபீசில் யாரோ பக்கோடா பொட்டலத்தைப் பிரித்தார்கள். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் பிரியாணி வீடியோ.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். மாமியார் அதிரச மாவுக்குப் பச்சரிசி வாங்கி வைத்துவிட்டார். டயட் சார்ட் வேண்டாம். எல்லாவற்றையும் அளவாகச் சாப்பிட்டுக்கொண்டே எடையைக் குறைத்தவர்கள் இந்த மனசை என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய_ஸ்கூட்டர்:

முதலில் அந்த 1.4 கிலோவை ஒரு வழி பண்ணிவிடலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. 1.4 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் அன்றைய தேவைக்கு மேல் 10,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். 40 கிராம் நெய் மைசூர்பாகு ஒரு துண்டு 200 கலோரியை ஒட்டி வரும். ஐம்பது துண்டு சாப்பிட்டீர்களா மேடம்?

மெஷின் காட்டியதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து கூடுதலாக உள்ளே போனால் அதில் ஒரு பங்கை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். பந்திச் சாப்பாட்டின் உப்பு தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். குடலில் இன்னும் இருக்கும் சாப்பாட்டின் எடை வேறு. மறுநாள் வழக்கம்போல் சாப்பிட்டிருந்தால் இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கியிருக்கும். மாதவிலக்கை ஒட்டியும் இப்படி ஏறி இறங்கும் என்று, தோளுக்கு மேலிருந்து இதை வாசிக்கும் என் மனைவி சேர்க்கச் சொல்கிறார்.

விருந்துக்கு மறுநாள் மெஷின் பக்கம் போகாதீர்கள். பார்க்காமல் இருக்க முடியாது என்றால் தினமும் குறித்து வாரச் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். மைசூர்பாகுக்கு மனசு குத்தும், காபிக்குக் குத்தாது. ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. அந்த 30 கிராம் 120 கலோரி, மாதத்துக்கு 3,600. மைசூர்பாகுக் கணக்கில் 18 துண்டு! அதைச் சாப்பிட்டதாகவே யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

மோர்க்குழம்பு:

வெள்ளரிக்காயும் மோரும் குடித்துவிட்டு சாயங்காலம் வரை தாங்கினீர்களா? நானாக இருந்தால் மூன்று மணிக்கே அந்தப் பொட்டலத்தைத் தேடிப் போயிருப்பேன். கும்பிடு.

கறார்_கந்தசாமி:

எல்லோரும் தட்டிக்கொடுக்கிறீர்கள். நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

92 கிலோவிலிருந்து 79க்கு வந்தவன் நான். என்னைக் காப்பாற்றியது அந்த உறுத்தல்தான். ‘சாப்பிட்டது பரவாயில்லை’ என்று விட்டிருந்தால் இன்று நூறில் இருந்திருப்பேன். மனசு குத்தவில்லை என்றால் எதுதான் நம்மை நிறுத்தும்? ஸ்கூட்டர் சார் ஒரு நாள் கணக்கைச் சொன்னார். சரி, நம் ஊரில் ஒரு நாளா? ஆடி வெள்ளி, ஆவணி முகூர்த்தம், பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி சுண்டல், தீபாவளி, கார்த்திகைப் பொரி, பொங்கல். நடுவில் ஆபீசில் பிறந்தநாள் கேக்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையான பண்டிகைக் காலத்தில் ஆட்களுக்குச் சராசரியாக ஏறியது அரைக் கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் வசந்தம் வந்த பிறகும் அது இறங்கவில்லை. வருஷா வருஷம் அப்படிச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வார்டு_அக்கா:

அரசு மருத்துவமனையில் செவிலியர் வேலை. எடை, சுகர், பிபி என்று வருகிறவர்களோடுதான் தினமும் பேச்சு. கந்தசாமி அண்ணன் சொன்ன ஆய்வு உண்மை. ஆனால் அது சொல்வது பண்டிகைக் காலம் முழுக்க மெதுவாகக் கூடும் அளவைப் பற்றி. மனசு குத்தினால் அது குறையும் என்று அதில் எங்கும் இல்லை.

மனசு குத்தினால் என்ன ஆகும் என்று தனியாகப் பார்த்திருக்கிறார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரிப் பெண்களில் சிலருக்கு ஒரு மில்க்‌ஷேக், சிலருக்கு இரண்டு கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவே இல்லை. பிறகு ருசி பார்க்கிற சோதனை என்று சொல்லி ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, வேண்டிய அளவு சாப்பிட விட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டில் இருப்பவர்கள் தலைகீழ்: மில்க்‌ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி என்ன, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. தென்னூர் தங்கச்சிக்கு பக்கோடாவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான், பட்டினியும் சேர்ந்துகொண்டது.

நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்டது இன்னும் நேரடியானது. சாக்லேட் கேக் என்றதும் கொண்டாட்டம் நினைவுக்கு வருகிறதா, குற்ற உணர்ச்சி வருகிறதா என்று கேட்டுப் பிரித்தார்கள். குற்ற உணர்ச்சி என்றவர்கள் ஆரோக்கியமாகச் சாப்பிடும் எண்ணத்தில் மற்றவர்களை மிஞ்சவில்லை. சாப்பாடு தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அவர்களிடம் குறைவாக இருந்தது. எடை குறைக்க நினைத்தவர்களில் மூன்று மாதம் கழித்துப் பின்தங்கியதும் அவர்கள்தான்.

ராத்திரி பிரியாணி வீடியோவுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியாக வைத்துப் பார்த்தார்கள். அதுவரை சமையலில் அக்கறையே இல்லாத ஆட்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே ஆனது. பசித்த உடம்பு அப்படித்தான் செய்யும். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று அர்த்தமில்லை.

கறார்_கந்தசாமி:

அக்கா, கல்லூரிப் பெண்களை ஒரு அறையில் உட்கார வைத்து ஐஸ்கிரீம் கொடுத்ததை வைத்து 50 வயது ஆளின் வாழ்க்கையை எப்படித் தீர்மானிப்பது? கேக் ஆய்வும் மனசு குத்தியதால்தான் எடை குறையவில்லை என்று நிரூபிக்கவில்லை. ஏற்கனவே சிரமப்படுகிறவர்களுக்குத்தான் அதிகம் குத்தும் என்றும் சொல்லலாமே.

வார்டு_அக்கா:

நியாயமான கேள்வி. அது காரணத்தை நிரூபிக்கும் வகை ஆய்வு இல்லைதான். அதனால் உங்களிடமே ஒன்று கேட்கிறேன். விருந்துக்கு மறுநாள் நீங்கள் பட்டினி கிடந்தீர்களா?

கறார்_கந்தசாமி:

இல்லை. எதற்குக் கிடக்க வேண்டும்? காலையில் மூன்று இட்லி எப்போதும் போல. நடை எப்போதும் போல. இரண்டாவது லட்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், அவ்வளவுதான்.

வார்டு_அக்கா:

அண்ணா, இதைத்தான் நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! ‘போதும்’ என்று இரண்டாவது லட்டை நிறுத்துவது ஒரு முடிவு, சாப்பிடும்போதே எடுப்பது. சாப்பிட்டு முடித்த பிறகு வரும் உறுத்தலுக்கு அந்த லட்டை நிறுத்தும் சக்தி கிடையாது. அடுத்த வேளைச் சாப்பாட்டைக் கெடுக்க மட்டும்தான் அதனால் முடியும்.

தங்கச்சிக்கு: ஸ்வீட்டை நின்றுகொண்டு, அடுப்படியில், டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடாதீர்கள். தட்டில் வைத்து, உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் சாப்பிடுங்கள். ஒளித்துச் சாப்பிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது, திருப்தியும் இருக்காது. எது உங்களுக்கு உண்மையில் பிடிக்கும் என்று பாருங்கள். மாமியாரின் அதிரசம் வருஷத்துக்கு ஒரு தடவை கிடைப்பது, சாப்பிடுங்கள். கம்பெனியில் கொடுக்கும் கிஃப்ட் பாக்ஸில் வரும் சோன்பப்டி மேல் ஆசையா? இல்லையென்றால் பிரிக்காமலே யாருக்காவது கொடுத்துவிடலாம்.

அடுத்த வேளைக்குப் பசித்தால் வழக்கமான சாப்பாடு. பசி குறைவாக இருந்தால் அதற்கேற்பக் குறைவு.

ஸ்காபரோ_தம்பி:

அக்கா, நான் கனடாவில இருந்து எழுதுறன். இங்க கோடை வந்தா ஒவ்வொரு சனியும் ஏதாவது ஒரு மண்டபத்தில விழா: கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள். வாசல்லயே மட்டன் ரோல்ஸ் தட்டோட நிப்பினம். முந்தி நான் காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடாமல், ‘பின்னேரம் பார்ட்டி இருக்குத்தானே’ எண்டு வயித்தைக் காய வச்சுப் போவன். போனவுடன ரோல்ஸ் எத்தினை போகுதெண்டே தெரியாது. சாப்பாடு வரேக்க வயிறு நிறைஞ்சிருக்கும், ஆனாலும் விடமாட்டன்.

இப்ப மத்தியானம் ஒழுங்காச் சோறு கறி சாப்பிட்டிட்டுத்தான் போறது. ஒரு ரோல், கதிரையில இருந்து, ஆறுதலாக் கதைச்சுக்கொண்டு. கேக் துண்டும் சாப்பிடுவன். வீட்டை வந்து ஒரு கணக்கும் பாக்கிறேல்ல. எடை மெதுவாத்தான் குறையுது, ஆனா திரும்பி ஏறேல்ல.

மோர்க்குழம்பு:

தம்பி அங்கே தப்பித்துவிட்டார். நம் ஊர்ப் பந்தியில் இலையில் காலி இடம் தெரிந்தால் கரண்டி வந்துவிடும். என் தந்திரம்: பிடித்த ஐட்டத்தில் ஒரு வாய் இலையிலேயே விட்டுவைப்பது. கடைசியில் அதைச் சாப்பிட்டதும் உடனே இலையை மடித்துவிடுவேன். பரிமாறுகிறவர் நம் அத்தையாக இருந்தால் எதுவும் பலிக்காது. ‘என்னடி இப்படி இளைச்சுட்டே’ என்று சொல்லிக்கொண்டே போட்டுவிடுவார். அவரிடம் மட்டும் முதலிலேயே ‘பாதி போடுங்க அத்தை, பிடிச்சிருந்தா நானே கேட்கிறேன்’ என்று சொல்லிவிடுவது. கேட்கவும் செய்வேன், சில சமயம்.

மாத்திரைப்பெட்டி:

உங்களுக்கெல்லாம் சரி. என்னைப் போல் சுகர்க்காரன் என்ன செய்ய? வயது 58. எனக்கு ஒரு லட்டு என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிகிற லட்டு. மனசு குத்தாமல் எப்படி இருக்கும்?

வார்டு_அக்கா:

சார், உங்களுக்கு அளவு இன்னும் முக்கியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்குத்தான் பட்டினிப் பரிகாரம் ரொம்ப ஆபத்து. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். பண்டிகைக்கு மறுநாள் வியர்த்து, கை நடுங்கி, மயக்கத்தில் கொண்டுவரப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

ஸ்வீட் சாப்பிடுவதானால் வெறும் வயிற்றில் வேண்டாம். காய், பருப்பு, முட்டை என்று முதலில் சாப்பிட்டு, சாதத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் சின்னத் துண்டு. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று அந்த எண் சொல்லும். எவ்வளவு வரை போகலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் பண்டிகைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் பண்டிகை முடிந்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

நெறியாளர்:

‘பத்து நாளில் தொப்பை கரையும்’ மூலிகைப் பொடி விளம்பரம் இரண்டு நீக்கப்பட்டன. தொடருங்கள்.

தென்னூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மெஷினைப் பரணில் வைக்கச் சொல்லிவிட்டேன், தீபாவளி முடிந்து அடுத்த வாரம்தான் இறங்கும்.

ஒரு சந்தேகம். தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி வருகிறது. ஆறு நாள் விரதம் எங்கள் வீட்டில் வழக்கம். ‘தின்னதை எல்லாம் சஷ்டியில் சரிக்கட்டிடலாம்’ என்று இப்போதே மனசுக்குள் ஓடுகிறது. இதுவும் அதே வியாதியா?

பழைய_ஸ்கூட்டர்:

முருகனுக்காக இருந்தால் இருங்கள். மைசூர்பாகுக்காக முருகனை இழுக்காதீர்கள்.

சீரியஸாகச் சொன்னால், ஆறு நாளில் இறங்குவதில் கணிசமான பங்கு முன்னே சொன்ன அதே தண்ணீர். விரதம் முடிந்து சாப்பிட்டதும் திரும்பி வரும். அதைப் பார்த்து மறுபடி நொந்துகொள்வீர்கள். சரிக்கட்ட வேண்டும் என்றால் மாத எண்ணெய் கணக்கைப் பாருங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் வருகிறது. எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் மாசக் கடைசியைத் தொட்டதில்லை. தாளிக்கும்போது கேனிலிருந்து நேரே ஊற்றாமல் ஸ்பூனால் அளந்ததில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. யாரும் எதையும் விட வேண்டியிருக்கவில்லை.

பெயர்_வேண்டாம்:

புதிய கணக்கில் எழுதுகிறேன். எனக்கு இது வாராவாரம் நடக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுகிறேன், நிறுத்தவே முடிவதில்லை. பிறகு வாந்தி எடுக்கிறேன். யாருக்கும் தெரியாது. அளவோடு சாப்பிடு என்று வாசிக்கும்போது அழுகைதான் வருகிறது.

வார்டு_அக்கா:

கண்ணு, இங்கே எழுதியது நல்லது. நாங்கள் மேலே பேசியது உன் நிலைமைக்குப் போதாது, அதை உன் மேல் போட்டுக்கொள்ளாதே. கட்டுப்படுத்த முடியாமல் சாப்பிடுவது, பிறகு வாந்தி எடுப்பது இவை மருத்துவத்தில் பெயர் உள்ள நோய்கள். சிகிச்சை உண்டு, குணமானவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். அதனால் தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பார், வாந்தி விஷயத்தை மறைக்காமல் சொல். மனநல மருத்துவரிடம் நேரே போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்கு போன் செய். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். படபடப்போ மயக்கமோ வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. அதுவரை டயட் எதுவும் வேண்டாம். எனக்குத் தனிச்செய்தி அனுப்பு.

இரும்புக்கடை_அப்பா:

இழையை முதலிலிருந்து வாசித்தேன். என் கேள்வி கொஞ்சம் தள்ளி. எனக்கு 45. ‘லட்டு தின்னுட்டேன், இன்னிக்கு ரெண்டு ரவுண்டு கூட நடக்கணும்’ என்று வீட்டில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன், பழக்கம். போன வாரம் 13 வயது மகள் பள்ளியில் கொடுத்த கேக்கைச் சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஏன் என்றால் ‘நடக்க நேரமில்லப்பா’ என்கிறாள். ஒல்லியான பிள்ளை. என்ன சொல்வது?

வார்டு_அக்கா:

பாடம் எடுக்காதீர்கள். அன்றைக்கே ஆளுக்குப் பாதியாக அந்தக் கேக்கை நீங்கள் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் போதும். இந்த வயதில் உயரமும் எடையும் ஏற வேண்டும், மாதவிலக்கு வரும் நேரம், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் தேவை. நடை என்பது சாப்பிட்டதற்குக் கட்டும் அபராதம் என்ற பேச்சை வீட்டில் நிறுத்துங்கள், உங்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தாலும். தொடர்ந்து சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, எடை குறைந்தாலோ, மாதவிலக்கு தள்ளிப்போனாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரும்புக்கடை_அப்பா:

சரிங்க அக்கா. என் அம்மா வேறு அவளைப் பார்த்தபோதெல்லாம் ‘கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டே’, ‘வத்திப் போயிட்டே’ என்று ஏதாவது ஒன்று சொல்வார். அவரை எப்படி நிறுத்துவது?

கறார்_கந்தசாமி:

பிள்ளை இல்லாத நேரத்தில் நீங்களே நேராகச் சொல்லுங்கள், மனைவியை முன்னால் தள்ளாதீர்கள். ‘அவ உடம்பைப் பத்தி மட்டும் பேசாதம்மா, மத்தது எது வேணா சொல்லு’ என்று. நான் என் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். ஒரு மாசம் முறைத்துக்கொண்டிருந்தார். இப்போது பேத்தியின் மார்க்கைப் பற்றிப் பேசுகிறார்.